மலேசியாவுக்கு விசா வேண்டாம், பாஸ் வேண்டும்

இந்த முறை வந்திருக்கும் கடிதம் டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து. எழுதியவருக்கு 28 வயது, பரோட்டா மாஸ்டர். ஐந்து பக்கம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அத்தை மகன் மலேசியாவில், கிள்ளானில், சின்னதாக ஓர் உணவகம் நடத்துகிறார். தீபாவளி முடிந்ததும் கிளம்பி வரச் சொல்லியிருக்கிறார். "இந்தியாக்காரங்களுக்கு இப்ப விசாவே கிடையாது மச்சான். இறங்கு, நேரா கடைக்கு வா. பத்துமலை, பினாங்கு எல்லாம் பார்க்கலாம். கடையிலயும் கூடமாட நில்லு. முப்பது நாள் முடிஞ்சா ஹாட்யாய் போயிட்டு வந்தா இன்னொரு முப்பது நாள். அப்படியே தைப்பூசம் பார்த்துட்டுப் போகலாம்." ஹாட்யாய் என்பது எல்லைக்கு அப்பால் தாய்லாந்தில் இருக்கும் ஊர். உள்ளூர் ஏஜென்ட் ஒருவர் 65,000 ரூபாய் கேட்கிறார். அதில் டிக்கெட் போக, 'அரைவல் கார்டு கட்டணம்' 3,500, 'அங்கே போனபின் பெர்மிட் மாற்றித் தர' 30,000. முன்பணமாக 15,000 கொடுத்தாகிவிட்டது. இவர் பத்தாம் வகுப்பு தேறவில்லை, பாஸ்போர்ட் ஈசிஆர், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தனி அனுமதி வேண்டும் என்ற குறி உள்ளது. 'அதுக்கும் ஒரு சர்டிபிகேட் ஏற்பாடு பண்ணிடலாம்' என்று ஏஜென்ட் சொன்னபோதுதான் இவருக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது. டிக்கெட் நவம்பர் 15 போக, டிசம்பர் 15 வர. 'விசா இல்லாமல் போவதில் ஏதாவது தப்பு இருக்கிறதா?' என்பது கேள்வி.

தம்பி, விசா இல்லாமல் போவதில் ஒரு தப்பும் இல்லை. உங்கள் திட்டத்தில் மற்ற எல்லாவற்றிலும் தப்பு இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மச்சான் சொன்னதில் பாதி உண்மை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம். முதலில் ஓராண்டுக்கு என்று தொடங்கியது, பிறகு 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் எதிலிருந்து விலக்கு என்று பாருங்கள். விசா என்பது வாசல்படி வரை வருவதற்கான சீட்டு. படியைத் தாண்டி உள்ளே இருப்பதற்கான அனுமதி, இறங்கிய பிறகு கவுண்டரில் தருவது. மலேசியச் சட்டத்தில் அதற்குப் பெயர் பாஸ். சுற்றிப் பார்க்க வருபவருக்குக் கிடைப்பது சமூக வருகை பாஸ். உங்களுக்கு விலக்கு கிடைத்திருப்பது விசாவிலிருந்து மட்டும்தான். பாஸ் எல்லோருக்கும் வேண்டும், அதைத் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது கவுண்டரில் இருக்கும் அதிகாரி.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. விசா வாங்கிப் போகிறவரை ஊரிலேயே ஒருமுறை சோதித்துவிடுகிறார்கள். வங்கிக் கணக்கு, டிக்கெட், தங்குமிடம் எல்லாவற்றையும் யாரோ ஒருவர் முன்பே பார்த்திருப்பார். விசா இல்லாமல் போகிறவரிடம் அந்தச் சோதனை மொத்தமும் கவுண்டரில், இரண்டு மூன்று நிமிடத்தில் நடக்கும். விசா இல்லை என்றால் கேள்வி குறையும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் எல்லாக் கேள்வியும் அங்கேதான் காத்திருக்கும்.

கவுண்டரில் நடப்பது

கோலாலம்பூர் விமான நிலையத்தில் வரிசை நகர்ந்து உங்கள் முறை வருகிறது. பாஸ்போர்ட்டை வாங்குவார்கள். இரண்டு ஆள்காட்டி விரலையும் கருவியில் வைக்கச் சொல்வார்கள். எத்தனை நாள்? எங்கே தங்குகிறீர்கள்? யார் அவர், என்ன உறவு? திரும்பும் டிக்கெட்டைக் காட்டுங்கள். கையில் எவ்வளவு இருக்கிறது? ஊரில் என்ன வேலை?

நீங்கள் பரோட்டா மாஸ்டர். தங்கப்போவது உணவகம் நடத்தும் உறவினர் வீட்டில். சரியாக முப்பது நாள். இதை அந்த அதிகாரி எப்படிப் படிப்பார் என்று யோசித்துப் பாருங்கள். தன் செலவுக்கு வழி காட்ட முடியாதவரைத் திருப்பி அனுப்ப மலேசியக் குடிநுழைவுச் சட்டமே இடம் தருகிறது. அப்படித் திருப்பினால் என்டிஎல் என்று ஒரு நோட்டீஸ் தருவார்கள், தரையிறங்க அனுமதி இல்லை என்று பொருள். வந்த விமான நிறுவனமே அடுத்த விமானத்தில் இடம் இருக்கும்போது ஏற்றிவிடும். அதுவரை தனி அறை. இதற்காக வழக்குப் போடுகிறேன் என்று அங்கே நின்று வாதாட முடியாது. எந்த நாடும் வெளிநாட்டுக்காரரை உள்ளே விடக் கடமைப்பட்டதில்லை, விசா வாங்கி வந்தவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என்னிடம் வந்த ஒருவரின் கதை. வேறொரு நாடு, இதே மாதிரி விசா இல்லாத பயணம். 'சுற்றிப் பார்க்க வந்தேன்' என்று அழகாகச் சொல்லியிருக்கிறார். செல்போனைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் முதல் செய்தியே 'திங்கள்கிழமையிலிருந்து அடுப்பு உன்னோடது' என்று இருந்தது. அதைப் படித்துச் சொல்லத் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் பக்கத்துக் கவுண்டரிலேயே இருந்தார். மறுநாள் காலை ஆள் ஊரில். செய்தியை அழித்துவிட்டுப் போங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திட்டத்தையே மாற்றுங்கள் என்கிறேன்.

நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டியவை அதிகம் இல்லை. இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், அத்தை வீட்டு முகவரியும் அவர்கள் எழுதித் தந்த அழைப்புக் கடிதமும் அடையாள அட்டை நகலும், செலவுக்குப் பணம் இருப்பதற்குச் சான்று. அப்புறம் அந்த அரைவல் கார்டு. எம்டிஏசி என்று பெயர், மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டை. மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நீங்களே நிரப்பலாம். கட்டணம் கிடையாது. 3,500 ரூபாய் ஏஜென்டின் கற்பனை. டிக்கெட்டைக் காட்டிவிட்டுப் பிறகு ரத்து செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதே எண்ணை வைத்து அங்கேயே சரிபார்க்க முடியும்.

நாள் கணக்கில் ஒரு பிழை

உங்கள் டிக்கெட்டைப் பாருங்கள். நவம்பர் 15 இறங்குகிறீர்கள், டிசம்பர் 15 கிளம்புகிறீர்கள். ஒரு மாதம் என்று நினைத்துப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் அனுமதி ஒரு மாதத்துக்கு இல்லை, 30 நாளுக்கு. இறங்கிய நாளை முதல் நாளாக வைத்து விரல் விட்டு எண்ணினால் நவம்பரில் 16, டிசம்பர் 14 வரை 14. முப்பது முடிந்தது. டிசம்பர் 15 என்பது 31-வது நாள். இப்படி ஒருநாள் கணக்குப் பிசகிக் கவுண்டரில் கைகட்டி நின்றவர்கள் நிறையப் பேர். எப்போதும் இரண்டு மூன்று நாள் மிச்சம் வைத்து டிக்கெட் போடுங்கள். விமானம் ரத்தானால், காய்ச்சல் வந்தால், அந்த மிச்சம்தான் உதவும். முப்பது என்பதும் உச்ச வரம்புதான். முத்திரையில் குறைவாக எழுதியிருந்தால் அதுதான் உங்களுக்குக் கணக்கு. முத்திரை குத்தியதும் அங்கேயே நின்று படியுங்கள்.

அனுமதி முடிந்தும் தங்கினால், குடிநுழைவுச் சட்டத்தின் 15-வது பிரிவின்படி 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நடைமுறையில் ஓரிரு நாள் பிசகியவர் சிறிய அபராதத்தோடு தப்பிவிடுவதும் உண்டு. அதை நம்பி இறங்காதீர்கள்.

கடையில் 'கூடமாட' நிற்பது

'சம்பளம் வாங்கப்போவதில்லை, சாப்பாடும் தங்குமிடமும்தான், அதுவும் வேலையா?' என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்திய வரி இதுதான்.

சமூக வருகை பாஸ் சுற்றிப் பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும் தரப்படுவது. வேலை, தொழில் இரண்டும் அதில் அடங்காது. அத்தை வீட்டு அடுக்களையில் நீங்கள் நாலு பரோட்டா வீசினால் யாரும் கேட்க மாட்டார்கள். அதே பரோட்டாவைக் கடைக் கல்லில் வீசினால், அங்கே ஒரு ஆள் செய்யவேண்டிய வேலையை நீங்கள் செய்கிறீர்கள். இடுப்பில் துண்டு, கை நிறைய மாவு, பாஸ்போர்ட்டில் வருகை முத்திரை. இதைப் பார்க்கும் அதிகாரியிடம் 'மச்சான் கடை, சும்மா நின்றேன்' என்று சொல்லி எவ்வளவு தூரம் போக முடியும்? உணவகங்களில் அங்கே சோதனை நடப்பது புதிதும் இல்லை.

பாஸ் நிபந்தனையை மீறியதற்கு உங்களுக்குக் குடிநுழைவு விதிகளின்படி 1,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. தடுப்பு முகாம், நாடு கடத்தல், திரும்ப வர முடியாதபடி கறுப்புப் பட்டியல் எல்லாம் அதன் பின்னால் வரும். மச்சானுக்கோ இதைவிடப் பெரிய அடி. உரிய பாஸ் இல்லாதவரை வேலைக்கு வைத்ததற்குக் குடிநுழைவுச் சட்டத்தின் 55B பிரிவின்படி ஆள் ஒருவருக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு மாதம் ஒரு ஆள் கூலி மிச்சம் என்று நினைத்து அவர் கூப்பிட்டாரா, பாசத்தில் கூப்பிட்டாரா என்பது எனக்குத் தெரியாது. பாசம் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு இந்தப் பிரிவு தெரிந்திருக்காது.

ஹாட்யாய் போய்த் திரும்புவது

எல்லையைத் தாண்டி ஒரு நாள் இருந்துவிட்டு வந்தால் முப்பது நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பது பழைய நம்பிக்கை. அப்படி ஒரு உரிமை எங்கும் எழுதப்படவில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் புதிதாகக் கேட்கிறீர்கள், அவர்கள் புதிதாக முடிவு செய்கிறார்கள். 29 நாள் இருந்துவிட்டு நேற்று வெளியே போனவர் இன்று திரும்பி வருவதைப் பார்த்தாலே, இவர் சுற்றுலாவுக்கு வரவில்லை, இங்கே குடியிருக்கிறார் என்று தோன்றும். மறுத்துவிட்டால் நீங்கள் தாய்லாந்துப் பக்கம் நிற்பீர்கள், பெட்டி கிள்ளானில் இருக்கும். தாய்லாந்துக்குள் போகவும் தனி விதி, தனி டிஜிட்டல் கார்டு. சிங்கப்பூர் பக்கம் போய்வரலாமா என்றால், இந்தியர்களுக்கு அங்கே விசா வேண்டும்.

மச்சானின் கணக்கில் அவரே கவனிக்காத ஓட்டை ஒன்றும் இருக்கிறது. 2027 தைப்பூசம் ஜனவரியில் வருகிறது. விசா விலக்கு இப்போது அறிவித்திருப்பது 2026 டிசம்பர் 31 வரை. டிசம்பர் நடுவில் இரண்டாம் தடவை உள்ளே விட்டாலும் அந்த முப்பது நாள் தைப்பூசத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். மூன்றாம் தடவை நீங்கள் எல்லையில் நிற்கும் நாளில் விலக்கு முடிந்திருக்கும். இன்னொரு முறை நீட்டிக்கலாம்தான். ஆனால் அறிவிப்பு வரும் முன்னே அதை நம்பி நடக்காதீர்கள்.

அங்கே போய்ப் பெர்மிட் மாற்றுவது

30,000 ரூபாய் கேட்கிறாரே, அந்தச் சமாச்சாரம். உணவகத் தொழிலாளிக்கான முறை இப்படித்தான்: முதலாளி அங்கே ஆள் எடுக்க ஒதுக்கீடு வாங்கவேண்டும், உங்கள் பெயரில் ஒப்புதல் வாங்கவேண்டும், அதை வைத்து நீங்கள் இங்கே விசா வாங்கவேண்டும், அப்புறம்தான் விமானம். இதைத்தான் நம் பக்கத்தில் காலிங் விசா என்கிறார்கள். சுற்றுலாவாக உள்ளே போய்விட்டு அதைத் தொழிலாளி பெர்மிட்டாக மாற்றிக்கொள்வது இந்த முறையில் சேராது. 'எனக்குத் தெரிந்த ஒருவர் மாற்றிக்கொடுப்பார்' என்று சொல்லும் ஆளிடம் பெரும்பாலும் இருப்பது ஒரு போலி ஸ்டிக்கர். பிடிபடும்போது ஸ்டிக்கர் ஏஜென்ட் பாஸ்போர்ட்டில் இருக்காது, உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கும்.

ஈசிஆர் பாஸ்போர்ட்

ஈசிஆர் என்றால் வெளிநாடே போகக்கூடாது என்று அர்த்தம் இல்லை. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடிபெயர்வு அனுமதி வாங்கவேண்டும் என்பதற்கான குறி அது. உண்மையாகவே சுற்றுலா போனால் அந்த அனுமதி தேவையில்லை. ஆனால் இந்திய விமான நிலையத்திலேயே திரும்பும் டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் கேட்பார்கள், பதில் திருப்தியாக இல்லை என்றால் விமானத்தில் ஏற்றாமல் நிறுத்திவிடுவார்கள். சுற்றுலா என்று சொல்லி வேலைக்குப் போய் மாட்டிக்கொண்டவர்களை மீட்பது எவ்வளவு பாடு என்று அவர்களுக்குத் தெரியும். 2022-இல் இப்படிப் போனவர்களில் பலர் மியான்மர் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டதும், வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விட்டதும் உங்களுக்கு நினைவிருக்கலாம்.

போலிச் சான்றிதழ் பேச்சை இன்றோடு விடுங்கள். பாஸ்போர்ட்டுக்காகப் பொய்த் தகவல் தருவது பாஸ்போர்ட் சட்டம் 12-வது பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம், போலி ஆவணத்துக்கான வழக்கு தனி. ஈசிஆர் குறியை எடுக்கப் பத்தாம் வகுப்பு மட்டும்தான் வழி என்றும் இல்லை. வருமான வரி செலுத்துபவர்களுக்கும் வழி உண்டு. வரிக் கணக்கு தாக்கல் செய்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்கிறீர்கள் என்றால் பாஸ்போர்ட் சேவை மையத்தில் நேராகவே கேட்கலாம். இல்லை என்றால் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதுங்கள், 28 ஒரு வயதே இல்லை.

இனி என்ன செய்யலாம்

முதலில் நீங்கள் எதற்காகப் போகிறீர்கள் என்று உங்களுக்குள் தெளிவாகுங்கள். அத்தையைப் பார்க்கவும் பத்துமலை ஏறவும்தான் என்றால், பத்துப் பன்னிரண்டு நாள் போதும். டிக்கெட்டை மாற்றுங்கள். கடைக்குச் சாப்பிடப் போங்கள், கல்லுப் பக்கம் போகாதீர்கள். நீங்கள் வேலை செய்யும் கடையிலிருந்து விடுப்புக் கடிதம் ஒன்று வாங்கிக்கொண்டால், திரும்பி வர ஒரு வேலை இருக்கிறது என்று கவுண்டரில் காட்ட அது உதவும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், உண்மையைச் சொல்லுங்கள். 'ஊரில் சமையல் வேலை, அத்தை வீட்டுக்கு வந்திருக்கிறேன், 26-ஆம் தேதி திரும்புகிறேன்' என்று நிமிர்ந்து சொல்வதற்கு ஒப்பிக்க எதுவும் வேண்டியதில்லை. ஒருவேளை தடுத்து வைத்தால், இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் தரச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா ஒப்பந்தம் அதைச் சொல்கிறது. புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேலைதான் வேண்டும் என்றால் மச்சானே அங்கே முறைப்படி விண்ணப்பிக்கட்டும். இங்கே வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் இணையதளத்தில் பதிவு செய்து, குடிபெயர்வு அனுமதி வாங்கி, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடு எடுத்துப் போங்கள். மெதுவாக நடக்கும், நடக்காமலும் போகலாம். நடந்தால் சம்பளத்தைக் கேட்டு வாங்க ஒரு ஒப்பந்தம் கையில் இருக்கும்.

ஏஜென்டிடம் கொடுத்த 15,000. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பப் பதிவு பெற்றிருக்கவேண்டும் என்கிறது குடிபெயர்வுச் சட்டம் 10-வது பிரிவு. பதிவு எண்ணைக் கேளுங்கள், இமைக்ரேட்டில் தேடிப் பாருங்கள். பதிவு பெற்றவரே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் அதிகபட்சம் வாங்கலாம். டிக்கெட்டுக்கு அவர் உண்மையில் செலவு செய்ததற்கு ரசீது கேட்டு, மீதியைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். தரவில்லை என்றால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். 'பெர்மிட் மாற்றித் தருகிறேன்' என்று அவர் அனுப்பிய குரல் பதிவு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அழித்துவிடாதீர்கள், வேறொரு போனிலும் ஒரு பிரதி வையுங்கள்.

அப்புறம் அந்த 55B பத்தியை மச்சானுக்கு அனுப்பிவையுங்கள். படித்த பிறகும் கடையில் நிற்கச் சொல்லிக் கூப்பிடுகிறாரா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.